காலரில் மாட்டிய கவர்

அட்டை காணாமல் போய் மூன்று நாளாகிவிட்டது. பையைத் தலைகீழாகக் கொட்டினாள், மாலை வகுப்பு நோட்டுகளை ஒவ்வொன்றாக உதறினாள். இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி. முதல் ஊசி போட்ட அன்று அடுத்த தேதியை நர்ஸ் அந்த அட்டையில்தான் எழுதிக்கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை என்று ஞாபகம். எந்தச் செவ்வாய் என்பதுதான் மறந்துவிட்டது. பத்தொன்பது வயது, படிப்பு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்பதில் அவளுக்கு இம்மியளவும் குழப்பமில்லை. தேதியை நழுவவிட்டுவிட்டோமோ என்பதுதான் பயம். கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் இருப்பது ஒரே அறை; அதில் அம்மாவும் இருப்பாள், போனும் அவளுடையதுதான்.

அம்மாவுக்குச் சலவைக்கடையில் வேலை. துணியின் பையில் எது கிடைத்தாலும், என்ன ஏது என்று பார்க்காமல் கவரில் போட்டு ஒட்டிவைத்து, தேய்த்த துணி திரும்பிப் போகும்போது காலரில் மாட்டிவிட வேண்டும். அது கடை வழக்கம். ஒருமுறை பல்செட்டே கிடைத்ததாம்.

"யாரோடதுன்னு கேக்கலையாம்மா?"

"கேட்டா மட்டும் சிரிச்சுக் காட்டுவாரா? போடி."

திங்கள் இரவு படுத்தபிறகுதான் பொறி தட்டியது. நீலச் சட்டை! அட்டையைக் கடைசியாக அதன் பையில்தான் வைத்திருந்தாள். சனிக்கிழமை துவைத்தது அம்மா.

செவ்வாய் காலை நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் கதவில் தொங்கியது. காலரில் ஒரு கவர். உள்ளே அட்டை. தேதி, இன்று.

அம்மா முதுகைக் காட்டியபடி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா வீட்டையே புரட்டிப் போட்டேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எதைத் தேடறேன்னு நீ சொன்னியா?"

அவள் அட்டையைக் கவருக்குள் திரும்பப் போட்டாள். "படிச்சியா?" என்றாள்.

"கடையில படிக்க மாட்டேன்." அம்மா டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். "வீட்டுல படிப்பேன்."

"கோபமாம்மா?"

"இல்லாம? அத ஞாயித்துக்கிழமை உக்காந்து சாவகாசமா பேசிக்கலாம். இன்னிக்கு நாள் தவறக்கூடாது. டீ ஆறுது பாரு."

கிளினிக்கில் பெஞ்சில் அரைமணி நேரம். "எந்தக் கை?" என்று கேட்ட நர்ஸ், பதில் வருவதற்குள் ஊசியைப் போட்டு முடித்து, அட்டையில் அடுத்த தேதியை எழுதினாள்.

சாயங்காலம் நீலச் சட்டையைக் கழற்றி அழுக்குக்கூடையில் போட்டாள்.

"பையப் பாத்தியாடி?" அடுப்பு மூலையிலிருந்து அம்மாவின் குரல்.

"பாத்தேன்மா. அட்டை இருக்கு." கூடையை அம்மா பக்கம் நகர்த்தினாள். "நீயே எடுத்து வை. தேதி வரும்போது குடு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடையருகே வந்தாள்.