பிசையாத சோறு

கன்னத்தில் அடக்கிய சோற்றை முக்கால் மணி நேரமாக நிதின் விழுங்கவில்லை. காயத்ரி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வரை போய் பஸ் காட்டினாள், லாரி காட்டினாள், கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குள் நுழைந்த மின்சார ரயிலையும் காட்டினாள். பையன் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தான். வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டதும் அத்தனையையும் வாசற்படியில் துப்பினான். அவனுக்குப் பத்து நிமிஷம் பின்னால் பிறந்த வைஷாலி தன் கிண்ணத்தை எப்போதோ வழித்துவிட்டு, அண்ணன் கிண்ணத்தில் கையை விட்டிருந்தாள். அவளுக்குக் கூழும் ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான்; வாய்க்குள் போனால் சரி. இரண்டே கால் வயதில் அவள் பதினொன்றரைக் கிலோ. அவன் எட்டு அறுநூறு.

அந்த எட்டு அறுநூறுதான் வினையாகப் போயிற்று. போன முறை பால்வாடியில் எடை போட்ட அன்று காயத்ரியின் புருஷன் ஜெயக்குமாரின் அக்கா தெய்வநாயகி படூரிலிருந்து வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சோற்றைப் பற்றி அவள் பேசினால் அந்த வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது.

"இன்னா காயத்ரி, எலும்பு மட்டும்தான் கீது இவனுக்கு? ரெண்டையும் நீ ஒருத்தியா பாக்க முடியாது. அடுத்த தபா எட போடும்போது ஏறலன்னா இவன நான் தூக்கினு போறேன். ஆறே மாசம். தேத்திக் கொண்டாந்து வுட்டுர்றேன்."

காயத்ரி புருஷனைப் பார்த்தாள். ஜெயக்குமார் டெம்போ சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "அக்கா நல்லதுக்குதான சொல்லுது" என்றான்.

நல்லதுக்குத்தான். அதுதான் காயத்ரிக்குச் சிக்கல். கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஆறு மாதத்தில் பிள்ளை யார் முந்தானையைப் பிடித்துத் தூங்கப் பழகுவான்? அன்றிலிருந்து அவள் சோற்றை இன்னும் குழைய வடித்தாள், பருப்பும் நெய்யும் விட்டு இன்னும் மசியப் பிசைந்தாள். அதையும் துப்பினான். மிக்ஸியில் போட்டு அடித்தாள். அதற்கு அவன் வாயே திறக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. டெம்போவைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைக்கிற பரபரப்பில் பொரிப் பொட்டலம் யார் கை பட்டோ கிழிந்து, அவர்களுக்குப் பின்னால் விரித்திருந்த பாயெல்லாம் கொட்டிக்கிடந்தது. எல்லாரும் கற்பூரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நிதின் சத்தத்தையே காணோமே என்று காயத்ரி திரும்பிப் பார்த்தாள்.

பையன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு பொரியை இரண்டு விரலால் எடுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வாயில் போட்டு மென்றான். விழுங்கினான். பிறகுதான் அடுத்தது. வெல்லத்தோடு ஒட்டிக் கட்டியாகக் கிடந்ததை மட்டும் முகத்தைச் சுளித்துத் தள்ளிவைத்தான். தரையில் கிடப்பதைத் தின்கிறானே என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அவன் சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பிசைந்ததைத்தான் வேண்டாம் என்றிருக்கிறான். சொல்லச் சொல்ல அவள் இன்னும் அழுத்திப் பிசைந்திருக்கிறாள்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

அன்று மத்தியானம் சோற்றை உதிரியாக வடித்துத் தட்டில் பரப்பினாள். ஒரு ஓரத்தில் பருப்பு, இன்னொரு ஓரத்தில் உருளைக்கிழங்கு. ஒன்று மற்றதைத் தொடாமல் வைத்தாள். பழக்க தோஷத்தில் அவள் கை தானாகப் பிசையப் போனது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நிதின் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் சாப்பிட்டான். கால் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

மூன்று வாரம் கழித்து எடை போடும் நாளில் தெய்வநாயகி பெரிய கட்டைப் பையோடு வந்து இறங்கினாள். பையில் ஒன்றும் இல்லை. பிள்ளையின் துணிமணிக்கு என்று சொல்லாமலே தெரிந்தது. பால்வாடியில் நிதினைத் தராசில் தொங்கவிட்டார்கள். முள் ஆடி ஆடி நின்றது.

"ஒம்போது இருநூறு" என்றார் டீச்சர்.

தெய்வநாயகி குனிந்து தன் கண்ணால் இன்னொரு முறை பார்த்தாள். "தராசு சரியா கீதா டீச்சர்?"

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. தானே நெய் விட்டுப் பிசைந்து, உருட்டி நீட்டினாள். நிதின் உதட்டை இறுக்கிக்கொண்டான். அந்த உருண்டையையும் மிச்சத்தையும் வைஷாலி நின்ற நிலையில் முடித்தாள்.

"இரு அண்ணி" என்று காயத்ரி உதிரிச் சோறு பரப்பிய தட்டை அவன் முன்னால் வைத்தாள். பையன் ஒரு பருக்கையை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, வாயில் போட்டான். இன்னொன்று. இன்னொன்று.

"இப்டி தின்னா எப்போ முடிக்கிறது?"

"முடிக்கும்போது முடிக்கட்டும் அண்ணி. எனக்கு வேற இன்னா வேல கீது?"

வைஷாலி வழக்கம்போல அண்ணன் தட்டுக்குக் கையை நீட்டினாள். இத்தனை நாளும் தட்டை அவள் பக்கம் தள்ளியே பழகியவன், இடது கையால் தட்டை வளைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"என்து!"

காயத்ரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தெய்வநாயகி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடேங்கப்பா, கேட்டியாம்மே அவன!" என்று தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

தோற்றுப்போன வைஷாலி சுற்றிலும் பார்த்துவிட்டு, அத்தையின் கட்டைப் பைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. தெய்வநாயகி எழுந்திருக்கவில்லை. தட்டில் இன்னும் பாதி இருந்தது. நிதின் அடுத்த பருக்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.