பன்னிரண்டிலிருந்து நாலு வரை

போர்வையை உதறிவிட்டு எழப் பார்த்த அப்பாவைத் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தாள் ஹெஸ்டர். காலையிலிருந்து இது ஆறாவது தடவை. எண்பத்தெட்டு வயதில் எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு; பிடிவாதம் மட்டும் இம்மி குறையவில்லை. மூன்று போர்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்து, வைஸ் அட்மிரலாக ஓய்வு பெற்றவர் ரால்ஃப் ட்ரெகென்னா. இரண்டு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. தூங்கினால் நிம்மதியாகப் போய்விடுவார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

ஹெஸ்டருக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். இந்த மனுஷன் தவித்துக்கொண்டே போகக் கூடாது.

"எனக்கு அடுத்த ஆள் எங்க? மணி பன்னெண்டாச்சு" என்றார் அப்பா.

இன்னும் கப்பலில் நிற்பதாக அவருக்கு நினைப்பு. கடற்படையில் அப்படித்தான். கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்பவன் நாலு மணி நேரம் நிற்பான். அடுத்தவன் வந்து, கப்பல் என் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் நகர மாட்டான்.

அம்மா ம்யூரியல் அதைச் சொல்லிப் பார்த்தாள். விருந்தாளிகள் பிரிட்ஜில் நிற்கக் கூடாது என்று ரொம்ப மரியாதையாக அவளைக் கீழே போகச் சொன்னார். அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. லண்டனில் வக்கீலாக இருக்கும் அண்ணன் ஜூலியன் குரலைக் கனமாக்கிக்கொண்டு முயன்றான். எந்தத் திசையில் போகிறோம் என்ற ஒரே கேள்வியில் முழி பிதுங்கிப் போனான்.

ஹெஸ்டர் முயலவில்லை. இருபத்திரண்டு வருஷமாக கோஸ்போர்ட்டுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் நடுவே, துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் படகு ஓட்டுகிறவள் அவள். அது பஸ் ஓட்டுகிற மாதிரிதானே என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா வாருவார். அவள் படகில் ஒரு நாளும் ஏறியதில்லை. சுற்றிக்கொண்டு காரில்தான் போவார். கடைசி நேரத்திலும் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாதென்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்பா மறுபடி காலைக் கீழே தொங்கப்போட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று அவள் கட்டிலோரம் விறைப்பாக நின்றாள்.

"உங்களை மாத்திவிட வந்திருக்கேன் சார்."

அவர் மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கப்பல்ல இருந்த?"

"கோஸ்போர்ட் படகு சார்."

"மூடுபனியிலயும் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன் சார்."



"அந்தத் துறைமுக வாய் பொல்லாதது. ஒரு தடவை உள்ள நுழையறதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிடும். நீ தினம் பண்ற" என்றார். "சரி, கேட்டுக்க. தென்மேற்கா போறோம். காத்து லேசு. எதிர்ல ஒண்ணும் இல்ல. கேப்டன் தூங்கறார், எழுப்பிடாத."

"கப்பல் என் பொறுப்பு சார்."

"உன் பொறுப்பு" என்று கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அம்மா அவர் கையைப் பிடித்தபடி, இரண்டு நாளில் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஹெஸ்டருக்கு மனசு நிறைந்திருந்தது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அப்பாவின் மூச்சு நின்றது. முகத்தில் தவிப்பின் சாயல்கூட இல்லை. டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்று ஜூலியன் மெல்லக் கேட்டான்.

"நாலு மணிக்குப் பண்ணு. அதுவரைக்கும் என் பொறுப்பு."

ஹெஸ்டர் ஜன்னலருகே போய் நின்று வெளியே பார்த்தாள்.