கொட்டகை வரைக்கும் வந்த ஒயர்

ஷாலினிக்கு வேலை கிடைத்தது புதன்கிழமை. அந்த வேலைக்கு வீட்டில் இன்டர்நெட் ஒயர் இருந்தாக வேண்டும் என்று தெரிந்தது வியாழக்கிழமை. அவள் சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

சென்னைக் கம்பெனி. எங்கோ வெளிநாட்டில் எவனோ ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த செலவை இங்கே வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரை அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் போனிலிருந்து நெட் எடுப்பதெல்லாம் செல்லாது, வீட்டுக்குள் ஒயர் வந்திருக்க வேண்டும், வேகத்தை அளந்து அடுத்த வெள்ளிக்குள் படம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனிப் பெண் தேன் குழைத்த குரலில் சொன்னாள்.

அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் ஷாலினி. அப்பா சுப்புராயன் கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றப் போகிறவர். போனால் வாரம் கழித்துத்தான் இறங்குவார், அதுவரை அவர் போனுக்கு உயிர் இருக்காது. அம்மா இருசம்மாள் நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களை எடுக்கவும் போகிறவள். மகளுக்கு வேலை என்றதும் அப்பா லாரியில் ஏறும்போதே கூட வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா வீட்டின் மேற்கு மூலையைக் காலி செய்து, அரிசி டிரம்மை நகர்த்தி, அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தாள். வீடியோவில் பேசும்போது பின்னால் தெரிகிற சுவர் நன்றாக இருக்க வேண்டுமாம். மிச்ச மூன்று சுவரும் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும்.

இருக்கிற காசுக்குள் எந்த இணைப்பு என்று பார்ப்பதற்காகத் தண்ணீர் டேங்க் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள் ஷாலினி. காலனியில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஒரு பெரிய கம்பெனியின் பக்கத்தில் பின்கோடு கேட்டார்கள், போட்டாள், ஏற்றுக்கொண்டது. ஊர்ப் பெயரையும் ஏற்றுக்கொண்டது. தெருப் பெயரைப் போட்டதும் ‘உங்கள் பகுதிக்கு விரைவில் வருகிறோம்’ என்றது. விரைவில் என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுடுகாட்டுப் பாதை விரைவில். தெருவிளக்கு விரைவில். இப்போது இதுவும். இன்னொரு கம்பெனி கூரைமேல் ஒரு டப்பா மாட்டினால் போதும் என்றது, ஆனால் ஆறு மாதத்துப் பணத்தை மொத்தமாகக் கேட்டது. அவ்வளவு பணத்தை அந்த வீட்டில் மொத்தமாகப் பார்த்தது அவளுடைய காலேஜ் பீஸ் கட்டிய அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்தது ஊரில் சின்னதுரை நடத்துகிற கேபிள். இருப்பதிலேயே மலிவு. மாதாமாதம் கட்டினால் போதும், முன்பணமும் கம்மி. அம்மாவின் இரண்டு நாள் கூலி.

சின்னதுரைக்கு ஒயர் இழுப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவருடைய அக்கா மகன் இளமாறன். ஷாலினியோடு காலேஜில் ஒரே வகுப்பு. அதுமட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யாகிவிடும். மூன்று வருடமாக அவன்தான் அவளுக்கு எல்லாம். காலையில் ஒரே பஸ். முன்சீட்டில் அவள், பின்படிக்கட்டில் அவன், யாரோ எவரோ மாதிரி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கின பிறகுதான் இருவருக்கும் வாய் திறக்கும். அவள் டப்பாவிலிருந்து பாதிச் சோறு அவனுக்கு. போனில் பேசினால் முதல் கேள்வியே ‘அத்தை சாப்டாங்களா’ என்று அவள் அம்மாவைப் பற்றித்தான். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ‘வூட்ல நேரம் பாத்து சொல்றேன் ஷாலு’ என்பான். மூன்று வருடத்தில் அந்த நேரம் வரவில்லை. வரும் என்று அவள் நம்பினாள். படித்த முட்டாள்களும் இருக்கிறார்கள்.

இருந்தாலும் முதலில் அவனிடம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு எதற்குச் சலுகை என்று ஆபீஸ் நம்பருக்கே அடித்தாள். எடுத்த சின்னதுரை எந்தத் தெரு என்றார். காலனி என்றாள். அந்தப் பக்கம் லைன் போவலியேம்மா என்றார்.

அப்போதுதான் தலைநிமிர்ந்து காலனிக் கூரைகளைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு குடை ஆன்டெனா. ஊர்த் தெருவில் எந்த வீட்டிலும் குடை இல்லை, எல்லாம் கேபிள், எல்லாம் மலிவு. டிவி வந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கம் இருக்கிறவர்கள்தான் ஜாஸ்தி பணம் கட்டிப் படம் பார்த்திருக்கிறார்கள். இதை ஒருநாளும் ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்தக் குடைகளை அழகு என்று வேறு நினைத்திருக்கிறாள்.

இளமாறனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற, மாமாகிட்ட நான் பேசறேன், ஒயர நானே இழுத்துக்கினு வந்து உன் கையில குடுக்கறேன் என்றான். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம்.

சனிக்கிழமை மாமனும் மருமகனும் பைக்கில் வந்தார்கள். இருசம்மாள் அதற்கு முன்பே கடைக்கு ஓடி, மூடி திறக்காத கலர் பாட்டில் இரண்டு வாங்கி வைத்திருந்தாள். வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வாங்க தம்பி’ என்று இளமாறன் முன்னால் நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏணி எதுனா கீதா உன் வூட்ல?” என்றான்.

உன் வூட்ல. ஷாலினி கதவோரம் நின்றிருந்தாள். மாமா பக்கத்தில் நிற்கிறார், வேறெப்படிப் பேசுவான் என்று அவளே அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டாள். அம்மாவோ ஏணி வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

சின்னதுரை கம்பங்களைப் பார்த்தார், கணக்குப் போட்டார். ஒரு வீட்டுக்காக இம்மாந்தூரம் ஒயர் இழுத்தால் கட்டாது, பத்து வீடு சேர்த்துக் கொடு, முன்பணத்தோடு வா, இழுக்கிறேன் என்றார். முடியாது என்று சொல்ல அவருக்கு அது நல்ல வழி. பத்து வீடு சேராது என்று நினைத்திருப்பார்.

சேர்ந்தது. ஞாயிறும் திங்களும் ஷாலினி வீடு வீடாக ஏறி இறங்கினாள். டிவிக்கும் நெட்டுக்கும் சேர்த்துக் கட்டினாலே குடைக்குக் கட்டுவதைவிடக் கம்மிதான் என்று ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து சொன்னாள். குஞ்சம்மாள் என்று ஒருத்தி, பேரன் ராணுவத்தில் இருக்கிறான், அவன் முகம் போனில் நிற்காமல் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றதும் சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டாள். பதினோரு வீடு. பணத்தை ஒரு பாலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை சின்னதுரை ஆபீஸுக்குப் போனாள்.

பையைப் பார்த்ததும் சின்னதுரைக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. அவர் மேஜைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டே சொன்னார்.

“உன்னான்ட மறைக்க இன்னா கீது. லைன் பிரியற பெட்டி தெருக்கடைசில எங்க மச்சான் வூட்டு சுவத்துல கீது. அதுலேந்து உங்க பக்கம் ஒயர் போவ அவுரு ஒத்துக்கணும்.”

தெருக்கடைசி வீடு இளமாறனுடைய வீடு. ஷாலினிக்கு வீடு தெரியும், அதன் பக்கச் சுவர் தெரியாது. அந்தத் தெரு வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு போய்த்தான் அவள் காலேஜ் முடித்தாள்.

“அவர கேட்டீங்களா?”

“எங்க கேக்கறது. மொதல்ல மாறன்கிட்டதான் பேச்செடுத்தேன். வேணாம் மாமா, அப்பாகிட்ட இத எடுக்காதன்னுட்டான். பெத்த புள்ளயே அப்பிடி சொன்னா நான் இன்னாம்மா பண்றது.”

பணப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றால்கூட அவள் தாங்கியிருப்பாள். அது தெரிந்த கதை. இவன் கேட்கவே இல்லை. ஒரு ஒயருக்கே வாய் திறக்காதவன், மூன்று வருடமாக நேரம் பார்க்கிறேன் என்றது எதற்கு என்று அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

புதன்கிழமை அவனே கூப்பிட்டான். கொட்டகைக்கு வா, எல்லாம் ரெடி, இன்னாத்துக்கு பயப்படற என்றான். குரலில் சந்தோஷம். தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிறகு தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கொட்டகை என்பது இளமாறன் வீட்டுக் கரும்புக் கொல்லையில் இருக்கிற மோட்டார் கொட்டகை. கொல்லைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. கொட்டகை காலனிக்குத்தான் கிட்டே. அங்கே நின்றால் ஷாலினி வீட்டு மேற்குச் சுவர் தெரியும், திரும்பி நின்றால் கல்வராயன் மலை தெரியும்.

அவன் உள்ளே பெருக்கி வைத்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலி, பழைய மேஜை, புது டேபிள் பேன். சுவரில் ஒரு வெள்ளை டப்பா பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. கூரை முனையில் கேமரா. போன வருடம் யாரோ மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து அவன் அப்பா வீட்டில் உட்கார்ந்தே போனில் மோட்டாரைப் பார்க்கிறாராம். அதற்காக வீட்டிலிருந்து கொல்லை முழுக்கக் கம்பம் நட்டு ஒயர் இழுத்திருக்கிறார்கள்.

உன் கம்பெனிக்கு ஒயர்தான வேணும், வேகத்த இங்கேயே அளந்து அனுப்பு, தினம் காலைல வந்து வேலைய பாரு, காசே வேணாம் என்றான். பாஸ்வேர்டு அவள் பெயர்தான் என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

ஷாலினி வெளியே வந்து கம்பங்களைப் பார்த்தாள். அந்த வீட்டுச் சுவரிலிருந்து ஒயர் ஒவ்வொரு கம்பமாகத் தாண்டி இங்கே வந்திருந்தது. இன்னும் ஒரு வரப்பு தூரம் இழுத்தால் போதும். அம்மா வெள்ளை அடித்த சுவருக்கே வந்திருக்கும்.

“மோட்டாருக்கு இவ்ளோ தூரம் வந்த ஒயரு எங்க வூட்டுக்கு வராதா மாறா?”

“ஷாலு, அப்பா பத்தி தெரியுமில்ல.”

“தெரியும். நீ கேட்டியா?”

அவன் குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினான். பேன் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்கப்பா போன்ல பாத்துக்கினு கீறாரே. நான் இங்க உக்காந்தா அவுருக்கு தெரியாதா?”

அவன் முகம் தெளிந்தது. இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது.

“அதெல்லாம் பாத்துட்டேன். நீ வரும்போது கேமராவ அந்தப் பக்கம் திருப்பி வச்சிடறேன்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ராத்திரியெல்லாம் யோசித்து, தன்னால் முடிந்ததிலேயே பெரிய தியாகமாக நினைத்து அதைச் சொன்னான். இன்றைக்குக் கேமரா. நாளைக்குக் கல்யாணம் என்றாலும் இதே கொட்டகைதான். பிள்ளை பிறந்தாலும் எதையாவது அந்தப் பக்கம் திருப்பி வைப்பான். சாகிறவரை யார் கண்ணிலும் படாமல் அவளை வைத்துக் காப்பாற்றுவான்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்.

“எங்கம்மாவ உன் வூட்ல ஏணி கீதான்னு கேட்டியே. நீ போனப்புறம், நல்ல புள்ளன்னு சொல்லிக்கினு இருந்துச்சி. அதுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். என்னை இனிமே கூப்புடாத.”

“வேலை போய்டும் ஷாலு. ரோசத்துல முடிவு எடுக்காத.”

வரப்பில் இறங்கி நடந்தாள். கூப்பிடுவான் என்று கொஞ்ச தூரம் வரைக்கும் காது பின்னாலேயே இருந்தது. கூப்பிடவில்லை. கொல்லையில் அப்போது, கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில், ஆட்கள் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை டேங்க் படிக்கட்டில் உட்கார்ந்து கம்பெனிப் பெண்ணிடம் பேசினாள். அவள் பாவம், வேறு அட்ரஸ் ஏதாவது இருக்கா, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க வீடு என்று கேட்டாள். கொட்டகையின் தகரக் கூரை அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. யாரும் இல்லைங்க என்றாள் ஷாலினி. ஒரு வேலையைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொன்ன மாதிரிதான் அது. ரோசம் என்றால் ரோசம்.

பிறகு பதினோரு வீட்டுப் பணத்தையும் வாசல் வாசலாகத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குஞ்சம்மாள் மட்டும், பரவால்ல கண்ணு, நின்னு நின்னுதான் தெரியட்டுமே என்று சொல்லிப் பணத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளைச் சுவர் எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். அரிசி டிரம் இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மகள் முகத்தைப் பார்த்ததும் இருசம்மாளுக்குப் புரிந்துவிட்டது, பாதி மட்டும்.

அதுவரைக்கும் தாங்கியதெல்லாம் அங்கே உடைந்தது. ஷாலினி அம்மா மடியில் விழுந்து அழுதாள். அடிவயிற்றிலிருந்து சத்தம் வந்தது. வேலைக்காக இப்படி அழுகிறவளா என் மகள் என்று இருசம்மாளுக்கு ஆச்சரியம்கூட இருந்திருக்கும். கேட்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“வேலைதான போச்சி. போவட்டும். நாளைக்கு உங்கப்பன் மலைலேந்து எறங்கட்டும், நான் சொல்லிக்கறேன். நீ படிச்ச புள்ள, வேற ஒன்னு வராமயா பூடும்.”

ஷாலினி தலையை நிமிர்த்தவில்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொம்பத் தயங்கி, இன்னொன்றும் சொன்னாள்.

“அந்த ஒயர்கார தம்பிய வேணா நான் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டுமா? மனசு எரங்கும். நல்ல புள்ளயாதான் தெரியிது.”