டிக்கியில் ஒரு சுரைக்குடுவை

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி திரும்பி வந்தது. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

இதில் வரும் மகன் நானில்லை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதினால் கை நகர மறுக்கிறது. அதனால் வில்மார் என்று ஒரு பெயர் வைத்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். அப்பாவின் பெயர் அபரீசியோ. வயது எண்பத்தொன்று. அடுப்பை அணைக்க இரண்டு முறை மறந்தவர்.

2

மொந்தேவிதேயோவில் அன்று வெயில் இதமாக இருந்தது. கடலோரச் சுவரில் தந்தையும் மகனும்

(வேண்டாம். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

வில்மார் அப்பாவிடம் பொய் சொன்னான்.

இப்படித்தான் தொடங்க வேண்டும். தலைநகர் மொந்தேவிதேயோவுக்குப் போய் ஒருநாள் சும்மா சுற்றிவிட்டு வரலாம் என்று சொல்லி, சொந்த ஊரான துராஸ்னோவிலிருந்து அவரைக் காரில் அழைத்துவந்தான். அவருக்குத் தெரியாமல் கட்டிய பெட்டி டிக்கியில் கிடந்தது. ஐந்து மணிக்குள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும்.

3

அப்பா சுவரில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பொரித்த ரொட்டி இரண்டு தின்றார். மீசையெல்லாம் சர்க்கரை. தூண்டில் போட்டிருந்தவனிடம், மீனுக்கு இன்றைக்கு விடுமுறையா என்று வம்பிழுத்தார். வில்மார் சுரைக்குடுவையில் இருந்த மாத்தே இலைத்தூளில் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஊற்றுபவன் வழக்கப்படி முதல் மாத்தேயைத் தானே குழலில் உறிஞ்சிக் குடித்துவிட்டு, அடுத்ததை நீட்டினான். அப்பா குடுவையைத் திருப்பிப் பார்த்தார். அது வில்மாருடையது.

"என்னோடது எங்கடா?"

"மறந்துட்டேன்ப்பா. வீட்டுல இருக்கு."

(எங்கள் நாட்டில் ஒருவன் கல்யாண நாளை மறப்பான், மாத்தேக் குடுவையை மறக்க மாட்டான். இல்லத்தில் அவர் தன் குடுவையிலேயே குடிக்கட்டும் என்று வில்மார்தான் அதைக் காலுறைகளுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்திருந்தான். பாசத்தில் செய்தான். அதுவே காட்டிக்கொடுத்தது.)

4

இங்கே அப்பாவை ஒரு வரைவில் கத்தவைத்தேன், இன்னொன்றில் அழவைத்தேன். இரண்டிலும் அவர் அப்பாவாக இல்லை. நடந்தது இவ்வளவுதான். சத்தம் வர உறிஞ்சி முடித்துக் குடுவையைத் திருப்பித் தந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"காலையில அலமாரியில பாத்தேன், அங்க இல்ல. எத்தனை மணிக்குள்ள போகணும்?"

"அஞ்சு."

எங்கே என்று தெரியாததுபோல வில்மார் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அப்ப நேரம் இருக்கு. ஊத்து."

பிறகு சுவரோரம் ஓடிய நாய்களைப் பார்த்துச் சிரித்தார். ஊர் நன்றாக மாறிவிட்டது என்றார். நான் பொய்யாகச் சொன்ன விடுமுறையை அவர் எனக்காக உண்மையாக்கிக்கொண்டிருந்தார். (வில்மாருக்காக. இல்லை, எனக்காக.) வெட்கத்தோடு அடுத்த மாத்தேயை ஊற்றினேன்.

5

முடிவு அ: வில்மார் காரைத் துராஸ்னோவுக்கே திருப்புகிறான். இதை மூன்று தடவை எழுதினேன். நல்ல முடிவு. நடக்காத முடிவு.

முடிவு ஆ: நாலு ஐம்பதுக்கு இல்லத்தின் வாசல் மணியை

எழுத முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து இல்லத்திலிருந்து அவர் இல்லாமல் வந்த பெட்டியை இன்று காலைதான் திறந்தேன். குடுவை நான் சுருட்டிவைத்த காலுறைகளுக்குள்ளேயே இருந்தது. அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை.

இதற்குமேல் உங்கள் பாடு. எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த இரண்டு பேரும் இன்னும் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி மூன்றே முக்கால். பிளாஸ்கில் தண்ணீர் இருக்கிறது.