மூன்றாம் ஓலை

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஊதா உடுப்பில் பீடத்துக்கு வந்ததும் செபஸ்தியான் விரல்விட்டு வாரங்களை எண்ணினான். ஆகமன காலம் பிறந்துவிட்டது. பாலனின் பிறப்புக்காகக் காத்திருக்கும் அந்த நாலு வாரமும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அவனுக்கும் ரோசரிக்கும் மூன்றாம் கல்யாண ஓலை அன்றைக்குத்தான் வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெயரைச் சொல்லி, தடை ஏதும் உண்டா என்று ஊரைக் கேட்காமல் தாலி ஏறாது. ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்திருந்தால் இந்நேரம் அவன் புது மாப்பிள்ளை.

"கிறிஸ்துமஸ் போகட்டும்ப்பா," என்று சாமியார் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ரோசரி விதவை. தென்னூரில் தம்பி தைரியராஜோடு இருந்துகொண்டு தையல் வகுப்பு நடத்துகிறவள். சரி என்ற ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அப்படி வந்த சரி நாலு வாரம் தாங்குமா? மனசு மாறிவிட்டால்? நாற்பது வயதில் இன்னொரு தடவை ஆசைப்பட அவனுக்குத் தெம்பு இல்லை.

ஆகவே பொன்மலை ரயில்வேப் பட்டறையில் வேலை விட்டதும் சைக்கிள் தென்னூர்ப் பக்கம் திரும்பியது. திங்கள்கிழமை முறுக்கு அச்சு இரவல் கேட்டான். மறுநாள் திருப்பிக் கொடுத்தான். அதற்கும் மறுநாள், அச்சில் ஒரு வில்லையைக் காணோம், இங்கேதான் விழுந்திருக்கும் என்று வந்து கூடமெல்லாம் தேடினான். வில்லை அவன் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. தனி ஆளுக்கு முறுக்கு எதற்கு என்று ரோசரி கேட்கவில்லை, காப்பி மட்டும் கொடுத்தாள். இந்த மனுஷனைக் கண்டால் பட்டறையில் ஆட்கள் நடுங்குவார்களாம்!

அடுத்த வாரம் ஆத்திரம் தாங்காமல் வாசலிலேயே தைரியராஜைப் பிடித்துக்கொண்டான்.

"கோயில்ல பேரைக் குடுக்க ஒரு வாரம் மறந்துட்டியே, நல்லா இருப்பியா நீ?"

"நானா? நானே குடுத்துக்கிறேன்னு அக்காதான் மாமா சொல்லிச்சு."

அவளேதான் தள்ளிப்போட்டிருக்கிறாள்! செபஸ்தியான் நேரே உள்ளே போனான்.

"இஷ்டமில்லேன்னா சொல்லிடு ரோசரி. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." சுத்தப் பொய்.

அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு முதல் கல்யாணம் பொண்ணு பாத்த எட்டே நாள்ல நடந்துதுங்க. மாப்பிள்ளைக்கு லீவு இல்லைன்னு மூணு ஓலையையும் ஒரே ஞாயித்துக்கிழமை வாசிச்சுட்டாங்க. நல்ல மனுஷர்தான். ஆனா எனக்காக யாரும் நாளை எண்ணிக்கிட்டு இருந்ததில்ல. அது எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு. ரொம்ப நல்லா இருக்கு."

"நான்தான் மூணு வருஷம் காத்திருந்தேனே!"

"அது வருவேனா மாட்டேனான்னு காத்திருந்தது. இது வருவேன்னு தெரிஞ்சு காத்திருக்கிறது. ஆகமன காலம்னா அதுதானே? நீங்கதான் அந்தப் பழைய முழியை மாத்தவே இல்லை."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தான். கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சைக்கிள் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"அப்போ நாளைக்கு வரட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ரோசரி. "நாளைக்கு நான் காத்திருந்து பாக்குறேன்."