பூரணி வீடியோவின் இரண்டாம் அறிவித்தல்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் பூரணி வீடியோ நிலையம் அமைந்திருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கனகேஸ்வரி மூன்றாம் நாளாக வாசித்தாள். முதல் இரு நாளும் இருந்த எழுத்துகளே அன்றும் இருந்தன. இரக்கப்பட்டு ஓர் எழுத்தேனும் உதிர்ந்திருக்கவில்லை.

“கொழும்பு முகவரியுள்ள அடையாள அட்டை இல்லாதோருக்கு டெக்கோ ஒளிநாடாவோ வாடகைக்குக் கொடுக்கப்படமாட்டாது. லொட்ஜ் முகவரி ஏற்கப்படமாட்டாது. – நிர்வாகம்.”

அவளது கைப்பையில் கனடாவிலிருந்து வந்த ஒளிநாடா ஒன்று கிடந்தது. தை மாதத்தில் ரொறன்ரோ நகரில் நடந்த அவளுடைய ஒரே மகள் அருந்ததியின் கல்யாணம் அதில் அடங்கியிருந்தது. கண்ணில் வளர்ந்த புரையை எடுப்பிக்கவே கனகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து கடலும் காடும் கடந்து கொழும்புக்கு வந்து, லொட்ஜ் எனப்படும் வாடகை விடுதி ஒன்றில் தங்கினாள். புரை எடுத்தாயிற்று, கண்ணும் தெளிந்தாயிற்று. அந்தக் கண் காணவேண்டிய காட்சி மட்டும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

வியாழன் விடியற்காலை அவள் திரும்பிப் புறப்பட்டாகவேண்டும். அக்காலத்தில் ஊரைவிட்டு ஒருவர் வெளியேறினால், அவர் திரும்பும்வரை வீட்டில் இன்னொருவர் பிணை நிற்கவேண்டும் என்பது ஊரை ஆண்ட இயக்கத்தின் விதி. அவளுக்காக அவளுடைய கணவர் கதிர்காமநாதன் பிணை நின்றார். ஊரிலோ மூன்று ஆண்டுகளாக மின்சாரம் இல்லை. ஆகவே கொழும்பில் பாராவிட்டால் அக்கல்யாணத்தை அவள் பார்க்கவே போவதில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

“தம்பி, இண்டைக்கும் அந்தச் சட்டம்தானோ?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

கடையில் நின்ற ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைக்காரன். இல்லை என்று சொல்ல நேரும்போதெல்லாம் தானே குற்றவாளி போலத் தலை குனிபவன். “ஓம் அக்கா. முதலாளி உள்ளதான் இருக்கார். அவர்ட முடிவு, என்ட கையில ஒண்டுமில்ல.”

“எங்கட ஊரில மண்ணெண்ணெய் விளக்குத்தான். அதில கசற் ஓடுமோ?”

“ஓடினா நானே அங்க வந்து கடை போடுவன்.”

கடைக்கதவின் விதி பிறந்த கதை இதுதான். கனடா, அமெரிக்க ஒளிநாடாக்களையும் ஓட்டவல்ல டெக்குகள் அக்கடையில் இரண்டே இருந்தன. அவற்றுள் ஒன்றை, பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த தியாகராசா என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கென எடுத்துச் சென்றார். டெக்கும் திரும்பவில்லை, அவரும் வரவில்லை. ஆள் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டான் என்று உரிமையாளர் ஆதப்பன் தீர்மானித்தார். ஒருவர்மேல் கொண்ட சினத்தை லொட்ஜ்வாசிகள் எல்லோர் தலையிலும் கட்டிவிட்டார்.

அவ்வேளை, அவ்வீதியில் சொந்த வீடுள்ள பத்மாவதி ரீச்சர் ஒளிநாடா ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். “ஒஸ்வால்ட், இந்தப் படம் முடிவிலயிருந்து தொடங்குது. கொலைகாரன் ஆரெண்டு முதலே தெரிஞ்சிட்டுது. பிறகென்னத்தைப் பாக்கிறது?”

“கடைசியா எடுத்தவங்க சுத்தாமத் தந்திருக்காங்க ரீச்சர். லொட்ஜ் ஆக்கள் வந்த காலத்தில இப்பிடி ஒரு முறைப்பாடு கேட்டீங்களா?”

உண்மை அதுவே. லொட்ஜில் ஒரு படத்துக்குப் பத்து அறைகள் காத்திருக்கும். அடுத்தவர் வைதுவிடுவாரே என்று அவர்கள் ஒளிநாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றியே கொடுத்துப் பழகியவர்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. விதி வந்தபின் ஒஸ்வால்டின் காலைப்பொழுதெல்லாம் சுற்றுவதிலேயே கழிந்தது.

கதவு திறந்தது. பதினாறு நாள் தாடியோடு, சாரத்தில் பொதிந்த பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒருவர் நுழைந்தார். ஒஸ்வால்டின் வாய் பிளந்தது. “தியாகராசா அண்ணே!”

சத்தம் கேட்டு ஆதப்பன் உள்ளறையிலிருந்து வந்தார். தியாகராசா பெட்டியைக் கவுண்டரில் இறக்கிச் சாரத்தை அவிழ்த்தார். தொலைந்த டெக் அதனுள் இருந்தது.

“பொலிஸ் சுற்றிவளைப்பில என்னையும் ஏத்தினவங்கள் ஐயா. டெக்கை அறைக்குள்ள வைச்சுப் பூட்டச்சொல்லி லொட்ஜ்காரரிட்டைக் கத்திக் கத்திச் சொன்னனான். விளங்கினதோ எண்டு தெரியாம இவ்வளவு நாளும் உள்ள யோசினை. இண்டைக்குத்தான் விட்டவங்கள். கசற் உள்ளுக்க இருக்கு. சுத்தித்தான் இருக்கு.”

ஆதப்பன் டெக்கைக் கடைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பொத்தானை அமுக்கினார். படம் முதலெழுத்திலிருந்து தொடங்கிற்று. வணிகத்திலே முப்பதாண்டு பழகிய அம்மனிதர், படத்தை நிறுத்திவிட்டுத் தியாகராசாவின் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா, வெளியில விட்டதும் மொதல்ல இங்கயா வர்றது? வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சா?”

“வீட்டுக்காரருக்கு நான் வருவன் எண்டு தெரியும் ஐயா. உங்களுக்குத்தான் தெரியாது.”

குத்திக்காட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. ஆதலாலேயே அது ஆழப் பாய்ந்தது. ஆதப்பன் கதவருகே சென்று தம் நகத்தாலேயே அறிவித்தலைச் சுரண்டத் தொடங்கினார். தாள் வந்தது, பசை வர மறுத்தது. “ஒஸ்வால்டு, வேற தாள் கொண்டா” என்றார். பின்னர், நின்றுகொண்டிருந்த கனகேஸ்வரியை அப்போதுதான் கண்டவர்போலப் பார்த்து, “நாளைக்கு மத்தியானம் மொத டெக்கு உங்களுக்குத்தாம்மா” என்றார்.

“ஐயா, நீங்கள் நல்லாயிருப்பியள்” என்றாள் அவள்.

புதன் காலை கதவில் இரண்டாம் அறிவித்தல் விளங்கிற்று: “லொட்ஜில் தங்கியிருப்போரும் எமது வாடிக்கையாளரே. முன்னைய அறிவித்தல் தவறானது. பொறுத்தருள்க.” கீழே ‘நிர்வாகம்’ என்று இல்லை. ‘ஆதப்பன்’ என்றிருந்தது.

நண்பகலுக்குள் செய்தி லொட்ஜ் தோறும் பரவிவிட்டது. கனகேஸ்வரி போனபோது கடைவாசலில் திருவிழாக் கூட்டம்.

“பொறுத்தருள்க எண்டு தேவாரம் மாதிரியெல்லே எழுதியிருக்கு! வாடகையும் கோயில் மாதிரி இலவசமோ?” என்றான் ஓர் இளைஞன்.

“கும்பிட வேணுமெண்டால் கும்பிடு, படத்தைச் சும்மா கேக்காத” என்றான் இன்னொருவன்.

ஒரு பெண் தட்டைவடைப் பொட்டலம் ஒன்றை ஆதப்பனின் கையில் திணித்தாள். அவர் மறுக்க, அவள் மறுபடி திணித்தாள். இனி இக்கடைப் படி மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்த கிழவர் ஒருவர், அதைச் சொல்லிவிட்டுப் போகவென்றே வந்தவர், தாளை இருமுறை வாசித்தார். “பிந்தி வந்தாலும் புத்தி புத்திதான்” என்று முணுமுணுத்து இரண்டு படங்களை எடுத்துக்கொண்டார். பத்மாவதி ரீச்சரோ, “அப்பாடா, இனியாவது படம் தொடக்கத்திலயிருந்து தொடங்கும்” என்று உரத்தே சொன்னார்.

டெக்குகளை லொட்ஜுகளுக்கு ஏற்றிச் செல்லும் மாளிகாவத்தை ஹுசைன் தன் முச்சக்கர வண்டியோடு வந்து நின்றான். “ரெண்டு கிழமையா மீன் கூடைதான் ஏத்தின, அக்கா. இண்டைக்குக் கலியாணம் ஏத்துறன். ஏறுங்க!”

லொட்ஜின் கூடத்தில், தொலைக்காட்சிக்கு முன் பதினோர் அறைக்காரரும் பாய் விரித்து அமர்ந்தனர். திரையில் பனி பெய்தது. பனி மறைந்து மணவறை தோன்றிற்று. கனகேஸ்வரியின் புதிய கண்ணுக்கு மகளின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்ததும் தெரிந்தது. பனி தேசத்திலும் பிள்ளைக்கு வேர்க்கிறதே என்று எண்ணினாள். கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறிற்று. அவள் விம்மி அழுதாள். அவளுக்குத் துணையாக, அருந்ததி யாரென்றே அறியாத மற்றப் பத்து அறைக்காரரும் அழுதார்கள்.

“அதை இன்னொருக்காப் போடுங்கோ!” என்று யாரோ கேட்டார். அதற்கென்ன என்று ஹுசைன் பொத்தானை அமுக்கினான். படம் பின்னோக்கி ஓடியது. தூவிய அரிசி தலைகளிலிருந்து எழுந்து கைகளுக்குத் திரும்பிற்று. மாப்பிள்ளையின் விரல்கள் மணமகளின் கழுத்துக்குப் பின்னே போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

“ஐயையோ, தாலி கழலுது! நிப்பாட்டு, நிப்பாட்டு!”

கனகேஸ்வரி பாய்ந்து சென்று முந்தானையை விரித்துத் திரையை மூடினாள். ஹுசைன் பதறிப்போய், “அல்லாவே, நான் கழட்டல்ல அக்கா! இந்த மெசின்தான்!” என்றான். கூடம் சிரிப்பில் குலுங்கியது. கண்ணீர் காயாத முகத்தோடு கனகேஸ்வரியும் சிரித்தாள். பின்னர் படம் முன்னோக்கியே ஓடி முடிந்தது. அதன்பின் அந்தப் பொத்தானைத் தொட ஒருவரும் துணியவில்லை.

மாலையில் அவள் டெக்கைக் கடையில் ஒப்படைத்தாள். ஒளிநாடாவையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்கட கசற் அக்கா” என்றான் ஒஸ்வால்ட்.

“ஓம் தம்பி. கரண்ட் இல்லாத ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்ய? நான் போனாத்தான் என்ரை அவர் வெளிக்கிடலாம். அவருக்கும் இஞ்ச லொட்ஜ் முகவரிதான் இருக்கும். கதிர்காமநாதன் எண்டு பேர். வந்து கேட்டால் போட்டுக் காட்டுவியளோ?”

ஒஸ்வால்ட் முதலாளியைப் பார்த்தான். ஆதப்பன் தாமே எழுந்து வந்து, ஒளிநாடாவின் முதுகில் தாள் ஒட்டி எழுதினார்: ‘வாடகைக்கு அல்ல. திரு. கதிர்காமநாதன் வரும்வரை.’

அவள் இரு கைகளையும் கூப்பினாள். வாசல்வரை சென்றவள் திரும்பி வந்தாள்.

“ஒரு குறை தம்பி. லொட்ஜ் ஆக்கள் எல்லாரும் சுத்தித்தான் தாறவை. நான் மட்டும் சுத்தேல்லை. அவர் தொடக்கத்திலயிருந்து பாக்கவேணும்; ஆனால் நீங்கள் சுத்தேக்க அந்தத் தாலி...”

“தெரியும் அக்கா. ஹுசைன் சொன்னான்” என்றான் ஒஸ்வால்ட். தொலைக்காட்சியின் செருகியையே சுவரிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒளிநாடாவைச் சுற்றத் தொடங்கினான்.