வாசல் பார்த்த ஷூக்கள்

மனைவி பேசுகிறாள் என்றால் கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஊராருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் அவர். மனைவி பல்கலைக்கழகப் பேராசிரியை. கிழக்காசிய நாடுகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக வாராவாரம் ஓர் உரை என்று ஆரம்பித்திருந்தாள்.

துறைத்தலைவருக்கு அதில் இஷ்டமில்லை. "ரெண்டு வாரம் பாக்கறேன். ஆள் வரலைன்னா நிறுத்திடலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அவளுக்குத் தூக்கமே போயிற்று.

முதல் வாரம் ஜப்பானிய வீடுகளைப் பற்றிப் பேச்சு. தலைவரும் வந்திருந்தார். மற்றவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். "அங்க ஷூவ வாசல்லயே கழட்டிடுவாங்க. நாமளும் இன்னைக்கு அப்படி உக்காந்து பாப்போமா?" என்று அவள் கேட்க, எல்லோரும் வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். விருந்தாளி சிரமமில்லாமல் கிளம்ப, வீட்டார் ஷூக்களை வாசல் பார்க்கத் திருப்பிவைப்பார்கள் என்றும் சொன்னாள்.

கண்ணாடிக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? நைசாக வெளியே நழுவி, அத்தனையையும் திருப்பிவைத்தார். அத்தோடு விட்டாரா, கடைப் பழக்கத்தில் நிறவாரியாக, அளவுவாரியாக அடுக்கியும் வைத்துவிட்டார். மழை விட்டதும், மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று ஆளாளுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் முழுக்க வீட்டில் போன் ஓயவில்லை.

"உங்கள யாருங்க அடுக்கச் சொன்னா? இனிமே அந்தப் பக்கம் யாராவது தலைவெச்சுப் படுப்பாங்களா?"

"அடுத்த பேச்சுக்கு வந்து மாத்திக்கங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா."

அவள் முறைத்த முறைப்பில் அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் அரங்கில் இடமில்லை. வேடிக்கை பார்க்கக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் ஷூக்களை மாற்றிக்கொண்டு சிரித்தபடி வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாகத் துறைத்தலைவர் நொண்டிக்கொண்டே வந்து கண்ணாடிக்காரர் பக்கத்தில் அமர்ந்தார்.

"கால் கடிக்குது. என் ஷூ கெடச்சதும் கெளம்பிடுவேன்."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். தலைவர் காலில் இருந்தது, குதிகாலில் ஒட்டுப் போட்ட கண்ணாடிக்காரரின் சொந்த ஷூ. அப்படியானால் இவர் காலில் இருப்பது? ஒரு வாரமாகக் கால் என்ன சுகமாக இருக்கிறது என்று பூரித்துப்போயிருந்தார் மனிதர். ஊரார் கண்ணைச் சோதிப்பவருக்குத் தன் கால் தெரியவில்லை. சட்டென்று இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மேடையில் கொரியத் தேர்தல்களைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. தலைவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கடைசியில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டார். பதில் போதாமல் இன்னொன்றும் கேட்டார்.

கைதட்டல் அடங்கியதும் கண்ணாடிக்காரர் ஷூக்களைக் கழற்றி, தலைவர் காலடியில் வாசல் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"நீங்கதானா? வந்ததுமே குடுத்திருக்கலாமே."

"குடுத்திருந்தா கெளம்பியிருப்பீங்க சார்."

தலைவர் குனிந்து மாட்டிக்கொண்டார். மேடையில் பேராசிரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து இரண்டடி நடந்து பார்த்துவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாரம் ஷூவ மடியிலயே வெச்சுக்கறேன்மா. உங்க வீட்டுக்காரர நம்ப முடியாது."